ரோடே போகாத ஊருக்கு அப்பாவோட ஒரு டிரிப்

சியாட்டில்ல இருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் க்ரூஸ் புக் பண்ணியிருக்கேன்னு சொன்னதும் அப்பா கேட்ட மொத கேள்வி, "கப்பல் எதுக்குல, பஸ் போவாதா?" அப்பா திருநெல்வேலி பக்கம் 31 வருஷம் கண்டக்டரா இருந்தவர், எந்த ஊர் பேரைச் சொன்னாலும் மொதல்ல எந்த ரூட்ல போகணும்னுதான் யோசிப்பார். கப்பல் நிக்கப்போற ஜூனோங்கற ஊருக்கு வெளியூர்ல இருந்து ரோடே கிடையாதுப்பா, முன்னாடி கடல், பின்னாடி மலை, மலைக்கு அந்தாண்ட 1,500 சதுர மைலுக்கு வெறும் ஐஸ்னு சொன்னா நம்பவே இல்ல. "அலாஸ்காவுக்கே தலைநகரம்ங்கிற, ரோடு இல்லைங்கிற?"

கூட்டிட்டுப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். சியாட்டில்ல ஏறி சியாட்டில்லயே இறங்கினாலும் நடுவுல கனடாவுல விக்டோரியாவைத் தொட்டுட்டுதான் வருவாங்க, வெளிநாட்டுல பதிவான கப்பல் இப்படி ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகணும்னு 1886ல போட்ட அமெரிக்கச் சட்டம். அதனால இந்தியன் பாஸ்போர்ட்ல வர்ற அம்மா அப்பாவுக்கு கனடா விசாவும் வேணும். நாங்க லேட்டா அப்ளை பண்ணி கிளம்பறதுக்கு ஒன்பது நாள் முன்னாடிதான் கைக்கு வந்துச்சு, அந்த ஒன்பது நாள் கதை தனியா எழுதணும்.

ரெண்டாம் நாள் திறந்த கடல். கப்பல் ஆடின ஆட்டத்துல அம்மா இஞ்சி மொரப்பாவை வாயில அடக்கிட்டு ரூமை விட்டு வரவே இல்ல. அதைவிட அவங்களுக்குப் பெரிய பிரச்சனை விளக்கு. ஜூன் மாசம், ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம், "அந்தி சாயவே மாட்டேங்குதே, நான் எப்பதான் விளக்கேத்த?" கப்பல்ல தீப்பெட்டி கொளுத்தக் கூடாதுன்னு பேட்டரி விளக்குதான் கொண்டு வந்திருந்தோம், அதையும் நேரம் பார்த்துதான் சுவிட்ச் போடுவாங்களாம். கடைசில ஊர் நேரமும் இல்லாம கப்பல் நேரமும் இல்லாம ஆறரைன்னு அவங்களே ஒண்ணு வச்சுக்கிட்டாங்க.

நாலாம் நாள் ஜூனோ. மழை தூறிட்டே இருந்துச்சு, அங்க அது வழக்கம்தானாம். கப்பல் நிக்கிறது மிதக்குற மேடை, அதுல இருந்து கரைக்கு ஒரு சாய்வுப் பாலம். அந்தக் கடல்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் 15 அடிக்கு மேல வித்தியாசம் வரும், அதனால காலைல சாதாரணமா நடந்து இறங்கின பாலம் திரும்பி வரும்போது வேற மாதிரி சரிஞ்சு கிடந்துச்சு.

இறங்கின உடனே வெண்கலத்துல ஒரு நாய் சிலை. பாட்ஸி ஆன். பிறவியிலயே காது கேக்காது, ஆனா கப்பல் வர்றது எப்படியோ தெரிஞ்சு ஒவ்வொரு தடவையும் துறைக்கு ஓடிப்போய் நிக்குமாம். 1934ல மேயரே அதை ஊரோட அதிகாரப்பூர்வ வரவேற்பாளரா அறிவிச்சார், 1942ல செத்துப்போச்சு, சிலை வச்சது 1992ல. அப்பா அது தலையைத் தடவிட்டு, "எங்க டிப்போலயும் ஒண்ணு கிடந்துச்சு, மொத வண்டி ஸ்டார்ட் பண்ணாதான் எந்திரிக்கும்"னார்.

துறை ஓரம் முழுக்க நகைக் கடை. ஒரு கடையில நின்ன மும்பைப் பையன் எங்களைப் பார்த்ததும் ஹிந்தில ஆரம்பிச்சுட்டான், கோடைக்கு இங்க, குளிர்காலத்துக்கு கரீபியன்ல இதே வேலையாம். ஊர்ல இருக்கறதே 32,000 பேர், ஒரு சீசனுக்கு கப்பல்ல வர்றவங்க 16 லட்சத்துக்கு மேல. இப்ப ஒரு நாளைக்கு அஞ்சு பெரிய கப்பல்தான்னு கட்டுப்பாடு போட்டிருக்காங்க. அஞ்சே அதிகம்னுதான் எனக்குப் பட்டுச்சு, நானும் அதுல ஒண்ணுல வந்தவன்தான்.

மலைல இருந்து இறங்கி வர்ற ஐஸ், மெண்டன்ஹால் பனியாறு, அங்கிருந்து 12 மைல். எல்லாரும் டூரிஸ்ட் வேன்ல போறாங்க, அப்பா கண்ணுல சிட்டி பஸ் பட்டுடுச்சு. ரெண்டு டாலர் டிக்கெட். டிரைவர் பக்கத்துலயே நின்னுக்கிட்டார், நான் நடுவுல மொழிபெயர்ப்பு. இந்த ஊருக்குள்ள வர மூணே வழிதான், பிளேன், போட், இல்லைன்னா அம்மா வயிறுன்னு அந்த ஊர்க்காரங்க எல்லாரும் சொல்ற ஜோக்கை டிரைவரும் சொன்னார். அப்பா சிரிச்சு முடிச்சுட்டு, சரி, இருக்கற ரோடு எவ்வளவு தூரம்னு கேளுன்னார். வடக்கால சுமார் 40 மைல் போகும், அப்புறம் அப்படியே முடிஞ்சிடும். ஒரு நாளைக்கு எத்தனை நடை, கலெக்‌ஷன் எப்படின்னு அவர் அடுத்து ஆரம்பிச்சப்ப நான் காது கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

பஸ் விடற இடத்துல இருந்து ஒன்றரை மைல் நடை. "நாலு காசு மிச்சம் பிடிக்க என் முட்டியை அடகு வச்சுட்டாரு உங்கப்பா"ன்னு அம்மா வழி பூரா. ஆனா மரம் விலகி ஏரி தெரிஞ்ச உடனே வாயை மூடிட்டாங்க. ஐஸ் வெள்ளையா இருக்கும்னு நினைச்சேன், அது நீலம், சொட்டு நீலம் கலக்கின பக்கெட் தண்ணி மாதிரி ஒரு நீலம். ஐஸ் அழுத்தி அழுத்தி கெட்டியானா சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிட்டு நீலத்தை மட்டும் வெளிய விடுமாம். வலது பக்கம் 377 அடி உயரத்துல இருந்து நக்கெட் அருவி. "குத்தாலத்துல இப்ப தண்ணி விழுதோ என்னமோ" — அம்மா.

அந்த ஏரியே நூறு வருஷத்துக்கு முன்னாடி கிடையாது, ஐஸ் பின்வாங்கின பள்ளத்துல தேங்கினதுதான். 1962ல பார்வையாளர் மையம் கட்டினப்ப ஐஸ் எங்க இருந்துச்சுன்னு படம் வச்சிருக்காங்க, இப்ப அது எங்கயோ போயிடுச்சு. உருகுற தண்ணி ஒரு பக்கத்துப் பள்ளத்துல சேர்ந்து சேர்ந்து, ஐஸுக்கு அடியில வழி கிடைச்சதும் மொத்தமா ஆத்துல இறங்குது, 2011ல இருந்து இது நடக்குது. 2023 ஆகஸ்ட்ல கரை அரிச்சு ஒரு வீடு அப்படியே ஆத்துக்குள்ள போச்சு, அடுத்த வருஷம் நூத்துக்கணக்கான வீட்டுல தண்ணி. "சொல்லாம ஷட்டரைத் தொறந்த மாதிரில்லா"ன்னு அப்பா அந்த ஐஸையே பார்த்துட்டு நின்னார், ரொம்ப நேரம் பேசல.

ஒன்பது மணிக்கு கப்பல் கிளம்பும், அப்பா எங்களை ஆறு மணிக்கே கொண்டு வந்து சேர்த்துட்டார். டயத்துக்கு எடுத்துருவான், உனக்காக நிக்க மாட்டான்னார். கிளம்பும்போது மேல் டெக்ல குளிர்ல நின்னோம், அப்பவும் வெளிச்சம், அம்மா கையில பிளாஸ்டிக் கப்புல வெந்நீர். கரையோர ரோட்டுல ஒரு பஸ் ஊரைப் பார்த்து ஊர்ந்துட்டு இருந்துச்சு. அப்பா கம்பியைப் பிடிச்சுட்டு எட்டிப் பார்த்தார்.

"அந்தா போறான் பாரு நம்மாளு. வண்டில ஆளே இல்ல."