எருமை இறைச்சி ஏற்றுமதி: கோமாரியைத் தாண்டும் 24 மணி நேரம்

கோமாரி (கால்நடைகளைத் தாக்கும் கால், வாய் வைரஸ் நோய்) இல்லாத நாடு என்ற தகுதி இந்தியாவுக்கு இல்லை. அதனால் இங்கிருந்து எலும்போடு எருமை இறைச்சி அனுப்பத் தடை. எலும்பு நீக்கியதையும், உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதியை ஒட்டிப் பதப்படுத்தியிருந்தால்தான் பல நாடுகள் வாங்கும்.

வெட்டிய பின் தசையிலுள்ள கிளைக்கோஜன் (சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து) லாக்டிக் அமிலமாகிறது. பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-க்குக் கீழே இறங்கினால் வைரஸ் தாங்காது. எலும்பு மஜ்ஜை, நெறிக்கட்டி (நிணநீர் முடிச்சு), உறைந்த ரத்தம் இவற்றில் அந்த அளவு புளிப்பு ஏறுவதில்லை. தலை, கால், குடலோடு அவற்றையும் கழிப்பது அதற்காகத்தான். ஃப்ரீசர் கோமாரி வைரஸைக் கொல்லாது, பத்திரமாக வைத்திருக்கும். பிஎச் இறங்கும் முன் அவசரப்பட்டு உறைய வைத்தால் எல்லாம் கெட்டது.

வெட்டிய உடலை 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிட வேண்டும். குளிரூட்டும் அறையை 3, 4 டிகிரியில் வைப்போம். ஃபேனுக்கு நேர் எதிரே தொங்குவது 2-க்குக் கீழே போய்விடும். வெப்பப் பதிவுக் கருவியை வைக்கவேண்டிய இடம் அதுதான், கதவோரம் அல்ல.

பிறகு முதுகு நீளத்தசையின் நடுவில், இரண்டு பக்கமும் பிஎச் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 6.0 காட்டினாலும் அந்த உடல் ஏற்றுமதிக்கு ஆகாது. லாரியில் நெடுந்தூரம் வந்து, முட்டி மோதி, இளைப்பாறாமல் வெட்டிய எருமையில் கிளைக்கோஜன் தீர்ந்திருக்கும். கறி கருத்து, பிசுபிசுப்பாக இருக்கும், பிஎச் இறங்கவே இறங்காது. தண்ணீர் காட்டி ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. மீட்டரும் ஏமாற்றும். தினமும் பிஎச் 4, 7 உள்ள கரைசல்களில் சரிபார்த்து, எலக்ட்ரோடில் படியும் கொழுப்பைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

உண்மையான இழுபறி காகிதத்தில். குறைந்தது 2 கோமாரித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், கடைசி ஊசி வெட்டுக்கு முந்தைய 6 மாதத்துக்குள். வெட்டுக்கு முந்தைய 30 நாள் மாடு இருந்த இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் கோமாரி கூடாது. சந்தையில் கைமாறி வந்த மாட்டுக்கு இதை எப்படிக் காட்டுவது? காதில் 12 இலக்க வில்லை இருந்து, ஊசித் தேதியும் பதிவாகியிருந்தால் பிழைத்தோம். இல்லாததை இறக்கும்போதே பிரித்துவிடுவது நல்லது; வெட்டிய பிறகு பிரிக்க வழியில்லை.

அட்டைப்பெட்டியில் வெட்டிய தேதியைத் தனியாக அச்சிடுங்கள், பொதி கட்டிய தேதி மட்டும் போதாது. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது புதுத் தடை வந்தால், எந்தச் சரக்கு நோய்க்கு முந்தையது என்று பிரித்துக்காட்ட அந்தத் தேதிதான் கைகொடுக்கும்.