காசு வாங்காத சர்க்கஸ்
டிசம்பர் வந்தாச்சு, நியூயார்க் கடைகளின் கிறிஸ்துமஸ் கண்ணாடி ஜன்னல் படங்கள் டைம்லைனில் வரிசைகட்டுகின்றன. பார்க்கிறபோதெல்லாம் இது கடைக்காரன் வேலையே இல்லை, சர்க்கஸ்காரன் வேலை என்றுதான் எனக்குத் தோன்றும்.

1924-இல் மேசிஸ் என்கிற நியூயார்க் பெரும்கடை நடத்திய முதல் ஊர்வலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை ஊழியர்களே கோமாளி வேஷம் கட்டி நடந்தார்கள், சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலையிலிருந்து யானை, ஒட்டகம், கரடி எல்லாம் இரவல் வாங்கி ஓட்டிவந்தார்கள், கடைசியில் கடை வாசலுக்கு வந்து சேர்ந்த சாண்டா கிளாஸ் ஜன்னல் காட்சியைத் திறந்துவைத்தார். உள்ளே டோனி சார்க் என்கிற பொம்மலாட்டக்காரர் வடிவமைத்த பொம்மைகள் ஆடிக்கொண்டிருந்தன. கூடாரம் மட்டும்தான் பாக்கி!

லார்ட் அண்ட் டெய்லர் என்கிற இன்னொரு பெரும்கடை இன்னும் ஒரு படி மேலே. ஐந்தாவது அவென்யூவில் 2019 ஆரம்பம்வரை இருந்த கடையில் மொத்தக் காட்சியையும் அடித்தளத்தில் ஜோடித்து, ஹைட்ராலிக் லிஃப்டில் தெரு மட்டத்துக்கு ஏற்றுவார்கள். 1938-இல் விற்கிற சரக்கையெல்லாம் எடுத்துவிட்டு, பொன்னிற மணிகளைத் தொங்கவிட்டு ஓசையோடு ஆடவைத்தார்கள். ஒரு சட்டைகூட கிடையாது, விலைச்சீட்டு கிடையாது. என்ன துணிச்சல் பாருங்கள்.

இதற்கெல்லாம் தாத்தா, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க சர்க்கஸ்காரர் பர்னம். சர்க்கஸுக்கு முன்னால் பிராட்வேயில் ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தார். அதன் பால்கனியில் வேண்டுமென்றே மட்டமான பேண்டு கோஷ்டியை வாசிக்கவிட்டாராம், சத்தம் தாங்காமல் ஜனங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே ஓடட்டும் என்று. சரியான கில்லாடி. கடைக்காரர்கள் அவரிடம் கூட்டம் சேர்க்கும் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த பேண்டை விட்டுவிட்டார்கள், நல்லவேளை.