சின்ன மாமா

28 ஜனவரி 2019, திங்கள்

சாயங்காலச் செய்தி. எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேருடைய விவரம் இணையத்தில் கசிந்துவிட்டதாம். பெயர், அடையாள எண், முகவரி, தொலைபேசி எல்லாமே. சிங்கப்பூரர்கள் 5,400 பேர், வெளிநாட்டவர் 8,800 பேர். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, "செத்தவங்க பேரும் அதுல இருக்குமாடி?" என்றார்.

இருக்கிறதாம். சின்ன மாமா போய் 23 வருஷம் ஆகப் போகிறது. சொந்தக்காரர்களிடம் 'டிபி' என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

29 ஜனவரி

அலுவலகத்தில் பேச்செல்லாம் அந்த 5,400 பேரைப் பற்றித்தான். எனக்கோ 8,800தான் உறுத்துகிறது. நம் ஊர்ப் பையன்கள் எத்தனை பேரோ? வேலை பெர்மிட்டுக்கு ரத்தம் எடுப்பார்கள், இருக்கிறது என்று தெரிந்தால் விமானம் ஏற்றிவிடுவார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அடையுமுன்னே வந்து நிற்கிறவன், வாசலில் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பான்?

31 ஜனவரி

மாமா இறந்தது 1996 மார்ச். அந்த ஜூலையில்தான், வான்கூவர் மாநாட்டில், மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்குகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. நாலே மாதம். (வந்திருந்தாலும் வாங்கியிருக்க முடியுமா? அப்பா டாக்சி ஓட்டினார்.)

1998 டிசம்பரில் பேடி சியூ தனக்கு எச்ஐவி என்று ஊரறியச் சொன்னார். சிங்கப்பூரில் அப்படிச் சொன்ன முதல் ஆள். அம்மா அந்தப் பேப்பரை நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார். ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை.

2 பிப்ரவரி, சனி

அம்மாவால் இப்போது குனிய முடியாது. கால் நகம் நான்தான் வெட்டிவிடுகிறேன். வலது கால் முடிந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"வார்டுல அவனுக்கு நகம் வெட்டினேன். சதையில பட்டுடுச்சு. ஒரு பொட்டு ரத்தம். நான் கத்திரியப் போட்டுட்டு ஓடிட்டேன். டெட்டால் ஊத்தி ஊத்திக் கழுவினேன். என் கையில ஒரு கீறல்கூட இல்ல. திரும்பி வந்தா, அவனே விரலைப் பஞ்சால அமுக்கிப் பிடிச்சிருக்கான். 'பயந்துட்டியாக்கா'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பசியாறினியான்னு கேட்டேன்."

மறுநாள் அம்மா போகவில்லை. அதற்கடுத்த நாள் மண்டாய் சுடுகாடு. பெட்டியைத் திறக்க விடவில்லை.

இடது காலில் இன்னும் இரண்டு விரல் பாக்கி. அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை, நானும் கத்திரியைக் கீழே வைக்கவில்லை.