காப்பாவும் இல்லை, லாம்டாவும் இல்லை

“டாக்டர், ஜி லேன்ல பேண்ட் இருக்கு. ஆனா காப்பாலயும் ஒண்ணும் இல்ல, லாம்டாலயும் இல்ல.”

ரத்தத்தின் ஆன்டிபாடிகளை ஜெல்லில் பிரித்துப் பார்க்கும் இம்யூனோஃபிக்சேஷன் சோதனை அது. ஆன்டிபாடியில் ஹெவி செயின், லைட் செயின் என்று இரு வகைச் சங்கிலிகள். அந்தந்தச் சங்கிலியைப் பிடிக்கும் ஆன்டிசீரம் போட்டால் அதற்கான லேனில் பேண்ட், அதாவது கோடு, தெரியும். ஜி லேன் காமா என்ற ஹெவி செயினுக்கு; காப்பாவும் லாம்டாவும் லைட் செயின்கள். ஜி லேனில் பேண்ட் இருந்தால் அந்த இரண்டில் ஒன்றிலும் இருக்க வேண்டும்.

எங்கள் டெக்னீஷியன் இதைச் சொன்னபோது நான் ஜெல்லைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “ஆன்டிசீரம் சரியாப் படிஞ்சிருக்காது, திரும்பப் போடுங்க” என்றேன். அவர் நகரவில்லை. “பக்கத்து சாம்பிள்ல காப்பா நல்லா வந்திருக்கே டாக்டர்.”

அந்த இரண்டாவது வாக்கியம்தான் இன்னும் என்னை விடவில்லை. அதே ஜெல், அதே ஆன்டிசீரம். என் விளக்கம் அங்கேயே உடைந்துவிட்டது. நான் “முதல்ல போடுங்க, அப்புறம் பேசலாம்” என்றேன்.

இம்யூனோஃபிக்சேஷனில் லைட் செயின் பேண்ட் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். சீரம் நீர்த்தது சரியில்லாமல் இருக்கும், ஆன்டிசீரம் ஒட்டியிருக்காது. திரும்பப் போடச் சொல்லி, மறுமுறை சரியாக வந்த சாம்பிள்கள் எத்தனையோ. அன்று நான் சொன்னது வழக்கத்துக்கு மாறானதல்ல.

ஆனால் மறுமுறையும் அப்படியே வந்தது. பேண்டும், ஆன்டிபாடி செல்களின் புற்றுநோயான மையலோமாவில் வருவதுபோல் கூர்மையாக இல்லை. ஜெல்லின் பீட்டா பகுதியில் அகலமாக, மங்கலாகக் கிடந்தது. ‘ஆறு வாரம் கழித்துப் புது சாம்பிள் அனுப்பவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

லைட் செயின் இல்லாமல் பேண்ட் எப்படி வரும் என்பதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். ஹெவி செயின் தனியாகச் செல்லைவிட்டு வெளியேற முடியாது. அதன் சிஎச்1 பகுதியை பிஐபி என்ற புரதம் பிடித்து வைத்திருக்கும். லைட் செயின் வந்து அந்த இடத்தில் சேர்ந்தால்தான் விடுதலை. ஹெவி செயின் நோயில் பெரும்பாலும் அந்த சிஎச்1 பகுதியே இருக்காது. பிடிக்க இடமில்லாததால் அரைகுறைச் சங்கிலி துணையின்றி ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. காமா வகையை ஃப்ராங்க்ளின் 1964-இல் விவரித்தார், ஆல்ஃபாவை செலிக்மான் 1968-இல். வகுப்பில் ஆண்டுகூடத் தவறாமல் சொல்வேன்.

ஆறு வாரம் முடியுமுன்பே சிகிச்சை மருத்துவர் அழைத்தார். வெகுநாளாக முடக்குவாதம் உள்ளவர், இப்போது கழுத்தில் நெறிக்கட்டிகள் என்றார். “அண்ணமும் வீங்கியிருக்கு” என்றதும் வகுப்பில் சொல்லும் அந்தக் காமா வகை நினைவுக்கு வந்து எனக்குக் கை சில்லிட்டது. சிறுநீரிலும் லைட் செயின் இல்லாத காமா பேண்ட். நெறிக்கட்டி பயாப்சியும் பார்த்தபின் காமா ஹெவி செயின் நோய் என்று முடிவானது.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் பெரிசா மாறியிருக்காது” என்றார் அந்த மருத்துவர். இருக்கலாம். இந்த வகை சிலரிடம் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும், சிலரிடம் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக வேகம் பிடிக்கும்; எல்லாருக்கும் ஒரே சிகிச்சை என்று ஒன்றில்லை. அதை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் அடைகிறேன். உடனே இன்னொன்றும் தோன்றுகிறது: பேண்ட் ஏ லேனில் வந்து, அது குடலைத் தாக்கும் ஆல்ஃபா வகையாக இருந்திருந்தால்? தொடக்கநிலையில் ஆன்டிபயாடிக்கிலேயே அது அடங்கக்கூடும். அப்போதும் ஆறு வாரம் என்றுதான் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்றே பயப்படுகிறேன்.

டெக்னீஷியனிடம் போய், “அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி” என்றேன். “நானும் அதோட விட்டுட்டேனே டாக்டர்” என்றார். அவர் விடவில்லை. இரண்டு முறை சொன்னார்.

இப்போதெல்லாம் சந்தேகமான ஜெல் என்றால் எதுவும் சொல்லாமல் என் மேசையில் வைத்துவிட்டு, நான் பார்த்து முடிக்கும்வரை நிற்கிறார். என்ன நினைக்கிறீர்கள் என்று நான் கேட்டாலும், “நீங்க பாருங்க டாக்டர்” என்கிறார்.