அனுபவச் சான்றிதழ் படுத்திய பாடு

புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தின் டிஜிட்டல் சொத்து மேலாண்மைப் பிரிவில், அதாவது படம் முதலிய கணினிக் கோப்புகளைத் தேடி எடுக்கும்படி ஒழுங்குபடுத்திக் காக்கும் பிரிவில், ஒருவழியாகப் பணியில் சேர்ந்துவிட்டேன். நூலக அறிவியல் பட்டமோ நேர்காணலோ என்னை அலைக்கழிக்கவில்லை. கடலூரில் நான் முன்பு வேலை பார்த்த பதிப்பகம் கொடுத்த ஒற்றைத் தாள்தான் படுத்தி எடுத்தது.

படக் கோப்புகளுக்குப் பெயரிடும் விதியை வகுப்பது, ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர், நாள், இடம், பயன்பாட்டு உரிமை ஆகிய விவரங்களை (மெட்டாடேட்டா) பதிவது, பழைய எழுத்துருக்களில் தட்டச்சான படவிளக்கங்களைத் தேடலில் சிக்கும்படி யூனிகோடுக்கு மாற்றுவது ஆகியவையே அங்கு என் வேலை. சான்றிதழிலோ ‘டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகப் பணியாற்றினார், நடத்தை நன்று’ என்று ஒரே வரிதான் இருந்தது. தொடர்புள்ள அனுபவமாக இதை ஏற்க முடியாது என்று புதிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது.

வெயிலில் பேருந்து ஏறிக் கடலூருக்குப் போனால், எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தாமல், “எல்லாருக்கும் இதேதாம்மா கொடுக்கிறோம், உங்களுக்கு மட்டும் கதை எழுத முடியுமா?” என்றார். அடுத்த முறை கையெழுத்திட வேண்டிய மேலாளர் இருந்தார், முத்திரை இல்லை. அது இருந்த பீரோவின் சாவியோடு கணக்காளர் சிதம்பரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

பதவிப் பெயரை மாற்றச் சொல்லி மன்றாடுவதில் பயனில்லை. நியமன ஆணையிலும் சம்பளப் பதிவேட்டிலும் ஒரு பெயர் இருக்க, சான்றிதழில் வேறு பெயர் எழுத எந்த மேலாளரும் தயங்குவார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே பதவிப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, செய்த பணிகளை விவரிக்கும் தனிக் கடிதம் ஒன்றை நானே தட்டச்சு செய்து எடுத்துப்போய், அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் அச்சிட்டுக் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் கேட்டேன். எழுத்தருக்கு வேலை இல்லை என்றதும் தடையும் இல்லை. இந்தக் கடிதத்தை ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வெளியே வந்தபின் வாசல் பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான்.

பழைய நிறுவனத்தின் படங்களை மாதிரிப் பணியாகக் காட்டவும் கூடாது. உரிமை மேலாண்மைக்கு வருகிறவரே உரிமையை மீறினால் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும். அதனால் நேர்காணலில் காட்ட என் சொந்தத் தொகுப்பு ஒன்றை வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபின் எங்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் எடுத்த படங்களை, இத்தகைய கோப்புகளை நிர்வகிக்கும் கட்டற்ற மென்பொருளான ரிசோர்ஸ்ஸ்பேஸில் ஏற்றி, மெட்டாடேட்டாவுக்கான பொதுத் தரமான டப்ளின் கோரின் 15 கூறுகளை ஒட்டி விவரம் சேர்த்திருந்தேன். ஓரிடத்தில் 30.12.11 என்றும் இன்னோரிடத்தில் டிச. 30 என்றும் இருந்தால் வரிசை குலையும் என்பதால், நாள் எல்லாவற்றிலும் 2011-12-30 என்றே இருந்தது. “யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியிடக்கூடியவற்றை மட்டும் காட்டுங்கள்” என்றார்கள். பயன்பாட்டு உரிமையைப் பதிந்திருந்த புலத்தை வைத்து வடிகட்டியதும், முறிந்த முந்திரி மரங்களும் கூரை பறந்த எங்கள் மாட்டுக்கொட்டகையும் திரையில் நின்றன. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த படம் ஒன்றுகூட வரவில்லை. கேள்வி கேட்டவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

பணி விவரக் கடிதம் போய்ச் சேர்ந்தபின் பழைய அனுபவத்தைக் கணக்கில் எடுத்தே ஊதியம் நிர்ணயித்தார்கள். சம்பளச் சீட்டுகளையும் கூடவே கேட்டார்கள். வேலை தேடுவோர் இத்துறையின் பெயரை மட்டும் நம்பித் தேட வேண்டாம். டாக்குமென்ட் கன்ட்ரோலர், கன்டென்ட் லைப்ரரியன், மெட்டாடேட்டா அனலிஸ்ட் என்ற பெயர்களிலும் இதே வேலைக்கோ இதை ஒட்டிய வேலைக்கோ ஆள் எடுக்கிறார்கள்.