புதிய முழங்காலுடன் நெடுந்தீவுக்கு

"வீட்டில் எத்தனை படிகள் இருக்கின்றன, அம்மா?"

சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கேட்டார். முழங்கால் மாற்றிய எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. எங்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு படிதான், ஆனால் அந்தப் படிக்குப் போவதற்கு முன் கடல் இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டிருந்த அந்த இயன்மருத்துவப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

என் ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரைக்கும் பஸ். அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகு. நடுவில் ஏழாத்துப் பிரிவு வரும். நீரோட்டங்கள் முட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் நல்ல கால் உள்ளவர்களே கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். 62 வயதில், வலது முழங்காலில் உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்திய நான் அதைக் கடந்து வீடு சேர வேண்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் படகைப் பற்றிச் சொன்னதுதான் நான் செய்த மிக நல்ல காரியம் என்று இப்போது நினைக்கிறேன். சொல்லியிருக்காவிட்டால் சமதரையில் நடக்கப் பழக்கி அனுப்பியிருப்பார்கள்.

முன்கதையை நீட்ட விரும்பவில்லை. முப்பது வருடம் நின்றுகொண்டு படிப்பித்த கால். மூட்டுத் தேய்ந்து எலும்போடு எலும்பு உராய்கிறது என்று எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னார்கள். காத்திருப்புப் பட்டியலில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன்.

முதலில் தந்த திகதி ஆனி மாதத்தில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். கிடைத்ததை விடுகிறாயே என்று உறவினர்கள் ஏசினார்கள். ஆனால் வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் கடல் அடங்காது. படகு ஓடாத நாட்கள் வரும். ஓடினாலும் துறையில் கட்டிய படகு மேலும் கீழும் துள்ளும். மாரியில் வாடைக்காற்று. எங்களுக்குக் கடல் இளகிக் கிடப்பது மாசி, பங்குனி, சித்திரை என்ற மூன்று மாதங்கள்தான். சத்திரசிகிச்சை, தையல் வெட்டுவது, கிளினிக், ஊர் திரும்புவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இதைப் பொறுமையாக விளக்கியபோது மருத்துவர் கேட்டுக்கொண்டார். மாசிக் கடைசியில் இடம் கிடைத்தது. தீவில் இருப்பவர்கள் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு நம்முடைய காற்று தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த முடிவு, உடனே ஊருக்குப் போகாமல் இருப்பது. ஐந்தாம் நாள் வைத்தியசாலையிலிருந்து விட்டார்கள். குருநகரில் தங்கச்சி வீட்டில் ஆறு வாரம் இருந்தேன். வீட்டு ஞாபகம் வாட்டியது உண்மை. ஆனாலும் இரத்தம் உறையாமல் இருக்க ஊசி, பதினான்காம் நாள் தையல், வாரத்துக்கு இரண்டு தடவை பயிற்சி என்று அந்த நாட்கள் முழுவதும் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நாட்கள். பஸ்ஸிலும் படகிலும் மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டு உட்காருவது அந்த நேரத்தில் நல்லதும் அல்ல.

தங்கச்சி அன்பு மிகுதியால் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துவிடுவாள். சுகமாகத்தான் இருக்கும். பத்தாம் நாள் பார்த்தால் கால் நேராக நீளவில்லை. இயன்மருத்துவர் தலையணையை எடுக்கச் சொல்லி, சுருட்டிய துவாயைக் குதிக்காலுக்குக் கீழே வைத்தார். முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தன் பாரத்திலேயே கீழே இறங்க வேண்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. கண்ணீர் வரும். மடக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நீட்டுவதும் அதே அளவுக்கு முக்கியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாலாம் வாரத்திலிருந்து படகுப் பயிற்சி. பயிற்சிப் படிக்கு முன்னால் மெத்தென்ற பாயை விரித்து, அதில் இறங்கச் சொன்னார். கால் வைத்ததும் பாய் அமிழ்ந்து ஆடும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில். ஆடுகிற படகில் புதிய காலையா முதலில் வைப்பது என்று பயந்து கேட்டேன். "மேலே நிற்கிற கால்தான் மடங்கி உங்கள் பாரத்தை இறக்குகிறது, அம்மா. அது பலமான காலாக இருக்க வேண்டும்" என்றார். அந்தக் காரணம் புரிந்த பிறகு பயம் பாதியாகக் குறைந்தது.

உயிர்த்த ஞாயிறு முடிந்து, சித்திரை நடுவில் குறிகட்டுவானுக்கு வந்தேன். கண்ணாடி போலக் கடல். ஆனாலும் வற்று நேரம். படகின் விளிம்பு துறையை விட ஒன்றரை அடி கீழே நின்றது. படகில் வேலை செய்கிற தம்பி ஒருவர், என்னிடம் படித்தவர், "ரீச்சர், பயப்படாதீர்கள், தூக்கி இறக்குகிறோம்" என்று கக்கத்தில் கை கொடுக்க வந்தார். தூக்க வேண்டாம், உங்கள் கையை நீட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். தூக்கினால் கால்கள் அந்தரத்தில் தவிக்கும், எங்கே போய் இறங்கும் என்று தெரியாது. அவர் முழங்கையை மடித்து மரக்கொம்பு மாதிரி உறுதியாக நிறுத்தினார். ஊன்றுகோலை இன்னொருவர் வாங்கிக்கொண்டார். படகு ஒரு தடவை தாழ்ந்தது, காத்திருந்தேன். எழும்பி வந்தது. வலது காலை வைத்தேன். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. இடது காலும் வந்து சேர்ந்தபோது அந்தத் தம்பியின் கையில் என் விரல் அடையாளம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

நெடுந்தீவுப் பக்கத்து மாவிலித்துறையில் ஏறியது அவ்வளவு சிரமமாக இல்லை.

வீட்டில் வேறு விதமான தொல்லை. பிடித்து நடக்கிற வோக்கரின் ரப்பர்க் கால்கள் ஓடுகள் பதித்த தரைக்குச் செய்தவை. எங்கள் முற்றத்து மணலில் புதையும், கல்லில் சறுக்கும். அண்ணாவின் மகன் பனைமரப் பலகைகளை நெருக்கமாகப் பதித்து, கட்டிலிலிருந்து மலசலகூடம் வரைக்கும் பாதை போட்டான். குந்தி இருக்கிற மலசலகூடத்தை இனி நினைக்கவே முடியாது. நடுவில் துவாரம் உள்ள கொமட் கதிரையை யாழ்ப்பாணத்திலிருந்து முன்கூட்டியே படகில் அனுப்பியிருந்தோம். ஊர் திரும்புவதற்கு முன் இந்த இரண்டும் தயாராக இருக்க வேண்டும்.

வீக்கத்துக்கு ஐஸ் வைக்க வேண்டும். மீன் வாங்க வருகிறவர்களின் பெட்டியிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன் தினமும் ஒரு கட்டி கொண்டுவருவான். சாக்கில் போட்டு உடைத்து, பொலித்தீன் பையில் கட்டி, துணி சுற்றி இருபது நிமிடம். மீன் மணக்கும். வீக்கம் வடியும்.

ஒன்பதாம் வாரத்தில் ஓர் இரவு கெண்டைக்கால் வலித்தது. முழங்கால் வலி எனக்குப் பழகிவிட்டது. இது வேறு மாதிரி, ஆழத்தில் பிடித்து இழுத்தது. அமத்திப் பார்த்தால் இறுக்கம். காலில் இரத்தம் உறைந்தால் அது நெஞ்சுக்குப் போகலாம், அதனால் கெண்டைக்கால் வலியையும் மூச்சுத் திணறலையும் ஒருநாளும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று எழுதியே தந்திருந்தார்கள். கடல் கடக்க வேண்டியவர்கள் "விடியட்டும், மத்தியானம் பார்க்கலாம்" என்று சொல்லக்கூடாது. அந்த நேரத்திலேயே ஊர் வைத்தியசாலைக்குப் போனோம். இளம் மருத்துவர் இரண்டு கெண்டைக்கால்களையும் அளவு நாடாவால் அளந்தார். வலது பக்கம் மூன்று சென்ரிமீற்றர் கூட. காலையில் முதற்படகில் அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் ஸ்கான் செய்தபோது உறைவு இல்லை, தசைப்பிடிப்பும் வீக்கமும்தான் என்று தெரிந்தது. வீண் அலைச்சல் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோளகம் தொடங்கியிருந்தால் அந்தப் படகே இருந்திராது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. கோவிலுக்கு நடந்து போகிறேன். முழந்தாளிட்டால் மூட்டுக்குக் கேடில்லை என்கிறார்கள். ஆனால் தழும்புக்கு வெளிப்பக்கம் ஓர் உள்ளங்கை அளவு தோல் இன்னும் மரத்துப்போயிருக்கிறது, அதன்மேல் பாரம் போட மனம் வரவில்லை. பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். அது எனக்கு மனவருத்தம்தான்.

இடது முழங்காலும் தேய்ந்துவிட்டது. அடுத்த ஐப்பசியில் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாசிக்கு மாற்றித் தரும்படி கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.