தராசில் வெறும் கிண்ணம்

தாராவி 90 அடி சாலையில் ஒரு மளிகைக் கடை. நூறு கிராம் துவரம்பருப்பு கேட்டார் ஒரு அம்மா. அண்ணாச்சி வெறும் கிண்ணத்தைத் தராசில் வைத்து, கிண்ண எடையைக் கழிக்கும் டேர் பட்டனை அழுத்தி, 0 வந்த பிறகுதான் பருப்பை அள்ளினார்.

ஜெபத்துக்குக் குறையாத செயல் அது.

கிண்ணம் 20 கிராம் என்று வையுங்கள். அதைக் கழிக்காமல் நிறுத்தால், ஒரு கிலோ வாங்குகிறவருக்கு நூற்றுக்கு 2 நட்டம்.

நூறு கிராம் வாங்குகிறவருக்கு நூற்றுக்கு 20.

அன்றாடக் கூலியில் அடுப்பு எரிக்கிறவர் தலையில்தான் இது விடியும்.

ஏமாற்ற நினைக்காத கடையிலும் எடை தவறும். தராசு சமமாக நிற்கிறதா என்று காட்டும் ரசமட்டக் குமிழ் நடுவில் இல்லையென்றால் தராசின் கால்களைத் திருகிச் சமப்படுத்த வேண்டும். மின்விசிறிக் காற்று தட்டில் பட்டாலே எண் ஆடும்.

வேதாகமத்தில் பிறரை நேசிக்கச் சொல்வது லேவியராகமம் 19:18. நியாயமான தராசு வேண்டும் என்பது அதே அதிகாரம், 36-ம் வசனம். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியம் அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி விற்கலாம் என்று காத்திருந்தவர்களைத்தான் ஆமோஸ் 8-ம் அதிகாரம் கண்டிக்கிறது. ஆராதனைக்கு வந்தவர்கள்தானே அவர்களும்! நம் பிரசங்கங்களில் இது இன்னும் அதிகமாகக் கேட்க வேண்டும்.

கடை வைத்திருக்கும் விசுவாசிகளே, திங்கள் காலை கடை திறந்ததும் முத்திரையிட்ட 1 கிலோ படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறினால் பழுதுபார்க்கக் கொடுங்கள். தராசின் முத்திரையை உடைத்துப் பழுது பார்த்திருந்தால், மறுபடி அரசு முத்திரை வாங்கிய பிறகே அதில் நிறுங்கள்.